பௌர்ணமியன்று வந்த லேப்டாப்

இருபது வருடம் லாரி ஓட்டிய முருகையனுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் போய்விட்டது. "இதுல லாரி கேம் ஓட்டலாம்பா" என்று மகள் வினோதினி பெங்களூரிலிருந்து விலை உயர்ந்த கேமிங் லேப்டாப் அனுப்பியிருந்தாள். பௌர்ணமியன்று காலை அது கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மடியில் வைத்தார்; நல்ல கனம். பொத்தானை அமுக்கியதும் விசைகளெல்லாம் பல நிறத்தில் மின்னின. மனம் துள்ளியது. ஆனால் இன்டர்நெட் இல்லாமல் முதல் திரையைத் தாண்ட முடியவில்லை. கிரிவலக் கூட்டத்தில் செல்போன் சிக்னல் அடியோடு போயிருந்தது. மகளுக்கும் லைன் கிடைக்கவில்லை.

"என்னங்க, ஓடுதா?" என்று மனைவி ராஜம்மாள் கேட்டாள்.

"எங்க ஓடுது? ஊரே ரோட்ல நடக்குது. நான்தான் நகர முடியாம கெடக்கறேன்."

முருகையன் மறுபடியும் பொத்தானை அமுக்கினார். அதே திரைதான் வந்தது.