மஞ்சள் தடவிய விண்ணப்பம்

தம்பி மகள் நேற்று ஈப்போவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு கையால் பீசாங் கோரெங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, மறு கையால் முனைவர் பட்ட ஆய்வுக்கான அரசாங்க உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்து முடித்துவிட்டாள். “அனுப்பியாச்சு அத்தை” என்று மடிக்கணினியை மூடினாள். “யாரு கையிலம்மா குடுத்து அனுப்புன?” என்று கேட்டுவிட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எண்ணெய்க் கையை மேசை விரிப்பில் துடைத்தாள் என்று அவளைத் திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். பாவம், விரிப்புக்காக யாரும் அவ்வளவு திட்ட மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அதே உபகாரச் சம்பளத்துக்குத்தான் மனு போட்டேன். அப்போது செமோருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வெட்டுக்காரர். நான் தாவரவியல் படித்தவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண் என்பதால் தலை கொஞ்சம் கனத்துத்தான் கிடந்தது. பால்மரத்தின் வேரில் வெள்ளை நூலாகப் படரும் ஒரு பூஞ்சையைப் பற்றி ஆராய வேண்டும் என்பது என் ஆசை. இலை வாடி நமக்குத் தெரியவரும்போது உள்ளே மரத்தின் கதை முடிந்திருக்கும். சின்ன வயதில் சாய்ந்த மரத்தின் வேரை முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பேன். மழைக்குப் பிறகு காளான் வீசும் வாசனை அது. இன்றைக்கும் சந்தையில் காளான் கூடையைத் தாண்டினால் ஒரு நொடி நின்றுவிடுகிறேன். விற்கிற சீன அம்மா விலை சொல்லத் தொடங்கிவிடுவார்.

பெரிய பழுப்பு உறை. அப்பா கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அதில் உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் நாற்றம் ஏறியிருந்தது. அம்மா அதை மாரியம்மன் காலடியில் வைத்தெடுத்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினார். “அம்மா, இது கல்யாணப் பத்திரிகை இல்ல” என்றேன். கேட்டால்தானே!

அதைத் தபாலில் போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்தில் அரசாங்கத்துக்குப் போகிற காகிதம் எதையும் யாரும் தபாலில் போட்டதில்லை. குடியுரிமையானாலும் தண்ணீர்க் குழாயானாலும் கட்சிக் கிளைத் தலைவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் நடக்கும் என்பது வேதவாக்கு. தலைவரும் எங்கள் லயத்தில் பிறந்து, லாரி வாங்கி, செமோர் பட்டணத்தில் வீடு கட்டியவர். தேர்தலுக்குத் தேர்தல் அவருக்குச் சுவரொட்டி ஒட்டியவர் அப்பா. அவர் மேடையில் பேசிய பேச்செல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. ‘சமுதாயமே, விழித்தெழு’ என்று வரிக்கு வரி எழுதியதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பூஞ்சைக்கு லத்தீன் பெயர் தெரிந்தவளுக்கு ஒரு தபால் தலை ஒட்டிப்போடத் தெரியவில்லை பாருங்கள்.

சேலை கட்டிக்கொண்டு, மடியில் வெற்றிலைத் தட்டும் உறையுமாக, அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போனேன். செமோர் முச்சந்தியில் சிவப்புத் தபால் பெட்டி இருந்தது. அதைத் தாண்டித்தான் தலைவர் வீடு. அவர் உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தானே கோலாலம்பூர் வரை கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

மாதங்கள் போயின. கூடப் படித்தவர்களுக்கெல்லாம் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. எனக்கு வரவில்லை. பொறுக்காமல் பஸ் ஏறி கோலாலம்பூருக்கே போய்விட்டேன். அலுவலகத்தில் இருந்த மலாய்க்கார அம்மா பொறுமையாகத் தேடிவிட்டு, உங்கள் விண்ணப்பம் இங்கே வரவே இல்லையே என்றார். மஞ்சள் தடவியிருக்கும், கட்டிப்பால் வாடை அடிக்கும் என்று அடையாளம் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். ஏன் தபாலில் போடவில்லை, எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று கேட்டார்.

மறுநாள் அப்பாவை இழுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் பதறவில்லை. நாற்காலி போட்டு மைலோ கலக்கிக் கொடுக்கச் சொன்னார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“என் மருமகனும் இந்த வருசம் மனு போட்டிருந்தாரும்மா. நம்ம ஆளுங்கன்னு ரெண்டு பேரு கொண்டுபோனா ரெண்டும் விழுந்துரும்லா. நீ பொம்பளப் புள்ள, நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ. அதான் ஒண்ணு மட்டும் குடுத்தேன்.” அப்புறம் அப்பாவைப் பார்த்தார். “தேதி முடியிறதுக்கு முந்தியே ஒங்கப்பாகிட்ட சொல்லிட்டேனே.”

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மைலோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது நான் சைக்கிளில் ஏறவில்லை. அவர் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். முச்சந்தி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார். “தோட்டத்த விக்கப் போறாங்களாம்மா. தலைவரு நமக்கு ஒரு வீடு வாங்கித் தரேன்னாரு. நீ எப்பிடியும் டீச்சர் வேலைக்குப் போயிருவன்னு நெனச்சேன்.”

டீச்சர் வேலைக்குத்தான் போனேன். மருமகன் சீமைக்குப் போனார். தோட்டத்தை விற்றபோது வீடு வரவில்லை. பத்து காஜா பட்டணத்தில் வாடகைக்குக் குடிபோனோம். அப்பா அங்கே ஒரு பலகைக் கிடங்குக்குக் காவல் இருந்து அங்கேயே கண்ணை மூடினார். நோய் பிடித்த மரம், பிடிக்காத மரம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, லயம் இருந்த இடத்தில் தாமான் என்று புதுக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். தலைவர் போய்ச் சேர்ந்தார். அவர் வீடு இப்போது கைப்பேசிக் கடை. முச்சந்தியில் இருந்த தபால் பெட்டியையும் பிடுங்கிவிட்டார்கள்.

தலைவர் மேல் இருந்த கோபம் அவரோடு போய்விட்டது. அப்பா மேல் உள்ளது போகவில்லை. தேதி முடிவதற்குள் அவர் தினமும் சைக்கிளில் அந்தப் பெட்டியைத் தாண்டிக் கடைக்குப் போய்வந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொன்று எழுதிப் போட்டிருப்பேன். சொல்லவில்லை. சாயங்காலம் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, “என்னம்மா, கோலாலம்பூர்லேர்ந்து சேதி ஏதும் வந்துச்சா?” என்று என்னைத்தான் கேட்பார்.