குச்சவெளி பஸ் வராத காலை

எங்கள் கல்லூரி மலருக்கு ஆரம்பகால வரலாறு எழுதித் தரும்படி கேட்டார்கள். முதல் விரிவுரையாளன் நான். மணி அடித்தவனும் நான்தான். எழுதினேன். முதல் தொகுதி மாணவர் பட்டியலை மட்டும் மலர்க் குழுவே போடுமாம். அவர்கள் போட்ட பட்டியலைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருகோணமலையில், தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில்தான் தொடங்கினோம். பதிவு கிடைக்கப் பதினைந்து மாணவர் வேண்டும். எங்களிடம் சரியாகப் பதினைந்து பேர். அதில் மூன்று பெண்பிள்ளைகள் குச்சவெளியிலிருந்து வருகிறவர்கள். முதல் நாள் மண்டபத்தைக் கூட்டிக் கழுவியதும் அவர்களே.

பதிவு தரும் அதிகாரி பார்வையிட வந்த காலை அவர்களுடைய பஸ் வரவில்லை. பதினைந்து குறைந்தால் பதிவு கிடைக்காது. நான்கு தடவை கழிப்பறைக்கு ஓடினேன். கைமணியை வைத்துவிட்டுப் போகவும் தோன்றவில்லை. நான் போனதும் வந்ததும் தெருவுக்கே கேட்டது.

அதிபராயிருந்த பாதர் பதறவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் மூவரைக் கூட்டிவந்து அந்தக் கதிரைகளில் இருத்தினார். அதிகாரி நுழைய எல்லாரும் எழுந்தார்கள். இருங்கள் என்பதாக அவர் கையை உயர்த்தினார். பாட்டு மாஸ்டரின் கையைப் பார்த்தே பழகிய மூவரும் சுருதி பிசகாமல் கீதம் தொடங்கிவிட்டார்கள்.

"நல்ல ஒழுக்கம்" என்றார் அதிகாரி. அந்த மூவரின் பெயர்களையும் பதிவேட்டில் எழுதியது என் கைதான்.

கொஞ்ச நேரத்தில் குச்சவெளிப் பிள்ளைகள் வியர்க்க விறுவிறுக்க வாசலில் நின்றார்கள்.

"இவை ஆர்?" என்றார் அதிகாரி.

"கோயில் பார்க்க வந்தவை," என்றார் பாதர். நான் பதிவேட்டை மூடிவைத்தேன்.

பதிவேட்டில் பெயரில்லாததால் அவர்களை அடுத்த வருசம் சேரச் சொன்னார்கள். இருவர் திரும்பி வரவேயில்லை. ஒருத்தி வந்து, அதே பாடங்களை முதலிலிருந்து படித்தாள்.

இப்போது மலரில் பாடகர் மூவரும் "முன்னோடி மாணவர்கள்", படத்தோடு! குழுத் தலைவரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"பழசைக் கிண்டாதேங்கோ சேர். பாதர் வயசு போனவர்."

"அந்தப் பிள்ளையளுக்கு மட்டும் வயசு போகேல்லையோ?"

கட்டுரையைப் பறித்துக்கொண்டு வந்து, அந்த ஒருத்திக்குத் தொலைபேசியில் எல்லாம் சொன்னேன்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, சேர்?"

"பயந்திட்டன், பிள்ளை."

"இப்ப?"

"இப்பவும்தான். தலைவரிட்டைக் கத்திப்போட்டு வந்து ரெண்டு தரம் கழிப்பறைக்குப் போனனான்."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப கட்டுரையை என்னட்டைத் தாங்கோ. நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

கட்டுரையில் குச்சவெளிப் பிள்ளைகள் மூவரின் பெயரையும், பதிவேட்டில் பொய் எழுதியவன் நான் என்பதையும் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.