மெஷின் அக்காவின் டீசல் கார்

வெள்ளைக் கார் ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அண்ணன் சிரிக்கும் படம் போனில் வந்து விழுந்தபோது, மெஷின் அக்கா ஒரு டயாலிசிஸ் இயந்திரத்தைப் பிரித்துப்போட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். படத்துக்குக் கீழே, 'உனக்குத்தான். ஹைப்ரிட். புக் பண்ணியாச்சு' என்று எழுதியிருந்தது. படத்தின் ஓரத்தில், கல்யாண வீட்டில் தெரியாத கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டவர் மாதிரி, அவள் கணவரும் நின்றிருந்தார்.

"என்னக்கா, முகமே மாறிப்போச்சு?" என்றாள் வார்டு நர்ஸ்.

"எனக்குக் காரு வாங்கியிருக்காங்களாம்."

"நல்ல விஷயம்தானே!"

"என்னைக் கேக்காம வாங்கியிருக்காங்க."

அன்று அக்கா முடுக்கிய திருகு ஒவ்வொன்றும் கொஞ்சம் அதிகமாகவே இறுகியது. பிறகு அவளே அதை உணர்ந்து, எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி அளவாக முடுக்கினாள்.

சின்னச் சின்ன ஊர்களில் சிதறிக்கிடக்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவள் பிழைப்பு. வாசலில் காரை நிறுத்தும்போதே "மெஷின் அக்கா வந்துட்டாங்க" என்று காவலாளி உள்ளே குரல் கொடுப்பார். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே நெடுஞ்சாலை நீண்டு கிடக்கும். அவளுடைய நாளில் பாதி அந்தச் சாலையிலேயே கழியும். பழைய கார் ஒருநாள் நட்டநடு வழியில் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட, இழுவை வண்டியில் உட்கார்ந்து வீடு திரும்பிய அன்றுதான் புதுசு வாங்குவது என்று தீர்மானித்தாள்.

அதற்குப் பிறகு அவள் விசாரிக்காத ஆள் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுபவரிடம் கேட்டாள், தன்னைப் போலவே சாலையில் காலம் தள்ளும் மருந்துக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டாள். கணவரையும் கூட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனாள். அங்கேயும் வயிற்றெரிச்சல்தான். விற்பனைக்காரர் என்ஜினைப் பற்றியெல்லாம் கணவரிடமே விளக்கினார். அவரோ பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவர், டயரில் காற்று இறங்கினால்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்.

"சார், மேடத்துக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்க."

"மேடம் இங்கதாம்ப்பா நிக்கறேன்" என்றாள் அவள்.

கணவர் இரண்டு பேரையும் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் தன் கருவிப் பெட்டியைக் கையோடு கொண்டுபோயிருந்தாள். பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் காரின் பின்பக்கம், அந்தப் பேட்டரிக்கு இடம் விட்டதில் தளம் உயர்ந்திருந்தது. பெட்டியை வைத்தால் கதவு மூடவில்லை. "பம்பர்ல கீறல் விழுந்துடும் மேடம்!" என்று விற்பனைக்காரர் பதறினார். பக்கத்தில் நின்ற சின்ன டீசல் காரில் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. ஓட்டிப் பார்த்தாள். கிளம்பும்போது கொஞ்சம் கரகரத்தது, ஆனால் சாலையில் வேகம் பிடித்ததும் அடங்கிவிட்டது. இதுதான் என்று அங்கேயே வாய்விட்டுச் சொன்னாள். கணவரும் தலையாட்டினார். தலையாட்டிய அதே மனிதர்தான் இப்போது படத்தில் நிற்கிறார்.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் கூடத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, இப்படி உர்ருனு வர்றே? நல்லதுதானே பண்ணியிருக்கேன். நான் அதைத்தானே ஓட்டறேன்? எண்ணெய் குடிக்கவே மாட்டேங்குது!"

"நீங்க எங்கண்ணே ஓட்டறீங்க? வீட்டை விட்டா ஆபீஸ், ஆபீஸை விட்டா வீடு. சிக்னலுக்குச் சிக்னல் நின்னு போறீங்க. பிரேக் போடப் போட உங்க பேட்டரி ஏறும். நெடுஞ்சாலையில எனக்குப் பிரேக்குக்கு வேலையே இல்ல. அந்தப் பேட்டரி எனக்குச் சும்மா சுமை."

"டீசல் புகை என்ன பண்ணும்னு தெரியுமில்ல?"

"அது நீங்க சொல்றது சரிதான். நானும் அதை யோசிச்சேன். ஊருக்குள்ளயே சுத்தறவளா இருந்தா உங்க காரைத்தான் வாங்கியிருப்பேன். ஆனா நான் எங்க ஓட்டறேன், என்ன ஏத்திட்டுப் போறேன்னு யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அண்ணன் பதில் தேடினார். கிடைத்த பதில் இதுதான்: "பொம்பளைக்கு எதுக்கும்மா என்ஜின் ஆராய்ச்சி?"

காலையிலிருந்து இயந்திரத்துக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தவளிடம் இதைச் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களுமாங்க? பக்கத்துலயே நின்னு எல்லாத்தையும் பாத்தீங்களே!"

"மச்சான் ஆசையா கூப்பிட்டாரு. வேணாம்னு சொல்ல வாய் வரல."

"அவர்கிட்ட சொல்ல வாய் வரல, சரி. எங்கிட்ட சொல்லவுமா வரல?"

மறுநாள் தனியாகவே ஷோரூமுக்குப் போனாள். ஹைப்ரிட் வேண்டாம், டீசலை எழுதுங்கள் என்றாள். விற்பனைக்காரர் நெளிந்தார். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எந்த சார்? கார் எம்பேர்ல வருது. ஓட்டப்போறது நான். இன்னொரு தடவை சார்னு சொன்னீங்கன்னா வேற கடைக்குப் போயிடுவேன்."

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அண்ணன்தான் முறுக்கிக்கொண்டார். போன் கிடையாது, வரவு கிடையாது. கார் என்னவோ அவள் நினைத்தபடியே ஓடியது. டாங்க்கை நிரப்பினால், முள் இறங்க மனமில்லாமல் இறங்கும்.

மழைக்காலத்தில் அவள் காய்ச்சலாகப் படுத்தாள். கணவர் அந்தக் காரை எடுத்துத் தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மருந்துக்குமாகக் குட்டிக் குட்டிச் சவாரிகள் விட்டார். ஒருநாள் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. யார் சொன்னார்களோ, அன்று மாலையே அத்தனை நாள் பேசாத அண்ணனின் குரல் போனில் கேட்டது.

"அப்பவே சொன்னேனில்ல? கேட்டியா?"

அவளுக்கு வந்த கோபத்தில் காய்ச்சலே ஓடிப்போயிருக்கும். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டருக்கான விளக்கு அது. நீளமாக ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து போகும். தெருவுக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலைக் காரைச் சந்துக்குள் ஓட்டியவர் கணவர், பேச்சு மட்டும் அவளுக்கு!

உடம்பு தேறிய முதல் விடுமுறை நாளில், ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. "கிளம்புங்க. நீங்களும் வாங்க" என்றாள் கணவரிடம். நெடுஞ்சாலையில் ஏறி ஒரே சீராக ஓட்டினாள். பாதி தூரம் தாண்டியதும் மஞ்சள் விளக்கு அணைந்தது. கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் கருவிப் பெட்டியைத் தூக்கப் போனவர், தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டார்.

"இதையா நீ தினமும் தூக்கறே?"

"இன்னிக்காவது கேட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அவளே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

திரும்பும் வழியில் கணவர் தாமாகவே அண்ணனுக்குப் போன் போட்டார். "மச்சான், காருல ஒரு குறையும் இல்ல. ஓட்டத் தெரியாம ஓட்டினது நான்தான். அன்னிக்குப் புக் பண்ணும்போதும் நான் தடுத்திருக்கணும்." எதிர்முனையில் அண்ணன் ஏதோ இழுத்தார். கணவர் போனை அவளிடம் நீட்டினார்.

"ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்னு சொல்லுங்க" என்றாள்.

வீடு சேர்ந்த பிறகும் அவள் அண்ணனுக்குப் போன் போடவில்லை. அடுத்த வாரம் அண்ணன் நேரிலேயே வந்து, "சரிம்மா, உன் இஷ்டம்" என்றார், பெரிய மனசு பண்ணுகிறவர் போல.

"இஷ்டம் இல்லண்ணே, என் வேலை" என்றாள் மெஷின் அக்கா. காபி மட்டும் கொடுத்தாள்.