ஆணி அடிக்காத சுவர்கள்

சுரங்க டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில் ஒரு முற்றத்து வீட்டின் உள் அமைப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி நான்கு அறைகள். வீட்டுக்கார அக்கா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துச் சிறுகச் சிறுகக் கட்டிய வீடு. அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் புராஜெக்ட் வேலைக்கும் வந்து மாதக்கணக்கில் தங்கும் பெண்பிள்ளைகளுக்காக அதை விடுதியாக்க வேண்டும். அதை நம்பி அவர் வேலையையும் விட்டுவிட்டார். அறைகள் நிரம்பாவிட்டால் மறுபடி துடைப்பத்தோடு சுரங்கத்து கேட்டில் போய் நிற்க வேண்டும். அதற்கு அவர் உடம்பில் தெம்பு இல்லை.

முதல் நாளே ஒரு நிபந்தனை போட்டார்.

"செவுத்துல மட்டும் ஆணி அடிக்கக் கூடாதும்மா. நாங்க மண்ணு செவுத்துல இருந்தவங்க. ஆணி அடிச்சா செவுரே பேந்துகினு வரும். இப்பதான் ஒழுங்கா ஒரு செவுரு."

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. நான் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். கம்பெனி வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பது அவருக்குக் கொலைக்குற்றம். "காலி பண்ணும்போது யாரு பதில் சொல்லுதது?" என்பார். எங்கள் வீட்டில் சாமி படங்கள்கூட அலமாரித் தட்டில் சாய்ந்துதான் நின்றன. இன்றைக்கும் நான் எந்த வீட்டை வடிவமைத்தாலும் சாமான்கள் தம் காலில்தான் நிற்கும், சுவரைத் தொடாது. பார்ப்பவர்கள் அதை நவீன பாணி என்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

பண்ருட்டித் தச்சரிடம் பலா மரத்தில் கட்டில்களும் அலமாரிகளும் செய்யச் சொன்னேன். கண்ணாடிக்குக்கூட ஒரு ஸ்டாண்டு. தரைக்கு வெளிர்சாம்பல் நிறம். எப்படியும் அந்த நிறத்தில்தான் அனல்மின் நிலையத்துத் தூசு வந்து விழப்போகிறது, நாமே முந்திக்கொள்வோம் என்றேன். அக்கா சிரித்தார். வேலை முடிந்த அன்று, முற்றத்து வெளிச்சம் நான்கு அறைகளிலும் இறங்கியிருந்ததைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கர்வம்.

அறைகள் உடனே நிரம்பின. ஆனால் ஓரிரு மாதங்களுக்குள் மூன்று பேர் காலி செய்துவிட்டார்கள். எல்லோரும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டே போனார்கள். அதுதான் எனக்கு எரிச்சல். நல்லாயிருந்தால் இருந்து தொலைக்க வேண்டியதுதானே? மிச்சமிருந்த ஈரோட்டுப் பெண்ணும் வேறு ஹாஸ்டலுக்குப் போவதாகச் சொன்னதும் அக்கா போன் செய்தார்.

"ஒரு எட்டு வந்து பாருங்கம்மா. புள்ளைங்க பொட்டிய தூக்கிகினு போய்கினே இருக்குதுங்க. இன்னான்னே புரியல."

போனேன். அந்தப் பெண்ணின் அலமாரி வெறுமையாக இருந்தது. வந்த நாள் முதலே துணியெல்லாம் பெட்டியில்தான் கிடக்கிறது என்றார் அக்கா. ஏன் அடுக்கவில்லை என்று கேட்டேன்.

"தெரியலீங்க. ரூம் நல்லாத்தான் இருக்குது. ஆனா நாளைக்கே காலி பண்ணணுங்கிற மாதிரியே இருக்குதுங்க. தங்கச்சி வரைஞ்சு குடுத்த படம் ஒண்ணு வச்சிருக்கேன். மாட்ட இடமில்லீங்க."

எனக்கு முகம் சுட்டது. வாழ வந்த பிள்ளைகளுக்குக் காலி செய்ய வசதியான அறையை அல்லவா செய்து கொடுத்திருக்கிறேன்! குவார்ட்டர்ஸ் புத்தி. ஆனால் அக்காவிடம் ஆணி என்று எந்த வாயால் சொல்வது?

அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா விறுவிறுவென்று உள்ளே போனார். கோபம் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் சுத்தியலும் ஆணிகளும் இருந்தன.

"எங்கம்மா மாட்டணும்? காட்டு."

அவள் காட்டினாள். முதல் அடியில் அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டார். கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தை விரலால் தடவினார்.

"போவட்டும். செவுரு நிக்குதில்ல?"

அந்தப் பெண் படத்தை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி, "ஜன்னல்கிட்ட இன்னொண்ணு அடிச்சுக்கலாங்களா?" என்றாள். அவள் போகப்போவதில்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"இத நீங்க அடிங்க."

எத்தனையோ வீடுகளை வடிவமைத்தவள் நான். சுவரில் நானே அடித்த முதல் ஆணி அது. கோணலாகத்தான் இறங்கியது. வெட்கப்பட்டுக்கொண்டு பிடுங்கப் போனேன்.

"இருக்கட்டும், வுடுங்க," என்றார் அக்கா.