பயத்தை எடுத்துவிடும் என்றுதான் கேட்டேன்

அந்தப் பயிற்சி நடந்த நாளோடு என் நித்திரை போய்விட்டது.

சபையில் என்னைத் தெரியாதவர்கள் இல்லை. பின்வரிசையில் இருந்து பாடுகிறவள், எழும்பிக் கதைக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறவள். ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்ததை இனியும் மூடி வைத்திருக்க முடியவில்லை. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன்.

நான் மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் பதினொரு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். மாணவர்கள் வருமுன் திராவகங்களை அளந்து வைப்பது, கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்குவது, கழிவுகளைப் பத்திரமாக அகற்றுவது, இவைதான் என் வேலை. போன புரட்டாதியில் பயிற்சிக்கென்று ஊழியர்கள் எல்லோரையும் பெரிய மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் ஒருவர் பேசினார். துப்பாக்கியோடு ஒருவன் வளாகத்துக்குள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விஷயம். தப்பி ஓட முடிந்தால் ஓடுங்கள். முடியாவிட்டால் கதவைப் பூட்டி, வெளிச்சத்தை அணைத்து, ரெலிபோனின் சத்தத்தை நிறுத்தி, ஒளிந்திருங்கள். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் எதிர்த்து நில்லுங்கள். அவர் நிதானமாகத்தான் சொன்னார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"பூட்டிய பிறகு யார் தட்டினாலும் திறக்க வேண்டாம். பொலிஸிடம் எல்லாக் கதவுக்கும் திறப்பு இருக்கும்."

அந்தச் சொல்லோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன்.

எனக்கு ஒன்பது வயதில், சண்டைக் காலத்தில், மட்டக்களப்பில் ஒரு மத்தியானம் துப்பாக்கிகளோடு ஆட்கள் வந்து எங்கள் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். அம்மா எங்கள் ஐந்து பேரையும் அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ராணி ரீச்சர் வந்து எங்கள் கதவைத் தட்டினார். "அக்கா, திறங்க, நான்தான்" என்று அவர் கூப்பிட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். திறக்கவில்லை. தட்டுவது நின்றுவிட்டது. ராணி ரீச்சரை அதன்பிறகு ஒருவரும் காணவில்லை. அம்மாவில் நான் பிழை சொல்லமாட்டேன். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருப்பார்? ஆனால் அந்தத் தட்டும் சத்தம் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. பயிற்சி அதைத் தட்டி எழுப்பிவிட்டது.

அதற்குப் பிறகு மெட்ரோவில் ஏறினால் வாசல் எங்கே என்று பார்ப்பேன். கடைக்குப் போனால் பின்கதவு இருக்கிறதா என்று தேடுவேன். ஆராதனையில் கண்ணை மூட முடியாது. என் கணவர் யோகன் ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்ன புள்ள, வேலைய விடப் போறியா? சொல்லு, விடுவம். நான் பாத்துக்கொள்றன்."

"விட்டா மட்டும் பயம் போயிருமா?" என்றேன்.

இருவரும் முழங்காலில் நின்றோம். "ஆண்டவரே, இந்தப் பயத்தை என்னிடமிருந்து எடுத்துவிடும்." ஒவ்வொரு நாளும் அதே ஜெபம். ஆறு கிழமை, ஒன்றரை மாதம், கேட்டேன். உபவாசம் இருந்தும் கேட்டேன். பயம் போகவேயில்லை. கூடிக்கொண்டுதான் போனது. அவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அந்தப் பயம்தான் என்னை ஆய்வுகூடக் கதவுக்குக் கொண்டுபோனது. ஒருநாள் எல்லோரும் போனபின் அதைப் பூட்டிப் பார்த்தேன். பழைய கட்டடம். கதவை உள்ளே இருந்து பூட்ட வழியே இல்லை. வெளியே நடைபாதைக்குப் போய்த் திறப்பைப் போட்டுத்தான் பூட்ட வேண்டும். அந்தத் திறப்பும் சுழலவில்லை. பராமரிப்புப் பகுதிக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். பிறகு நேரே போய் நின்றேன். ஹெய்ட்டியில் இருந்து வந்த ழோசெப் என்ற வயதான மனிதர்தான் அங்கே இருந்தார். ஐந்தாம் முறை என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"மடாம், இருபது வருடமாக அந்தக் கதவை யாரும் பூட்டியதில்லை. உங்களுக்கு என்ன அவசரம்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"பயமாக இருக்கிறது, மிஸ்யூ" என்றேன்.

அவர் சிரிப்பதை நிறுத்தினார். அடுத்த நாளே வந்து, உள்ளே இருந்து விரலால் திருகிப் பூட்டும் பூட்டு ஒன்றைப் போட்டுத் தந்தார். கதவில் இருந்த சிறிய கண்ணாடிக்கு நான் கறுப்பு மட்டை வெட்டி ஒட்டினேன். கதவுக்கும் நிலத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. "அதற்கு ஒரு கட்டை அடிக்க வேண்டும், அடுத்த மாதம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் வருமுன் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

கார்த்திகைக் கடைசி. வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டியது. காலை பத்து மணி வகுப்பு. பதினான்கு மாணவர்கள். அவர்களை நடத்தியது நிவேதா, சென்னையில் இருந்து மேற்படிப்புக்கு வந்த பிள்ளை. நான் பின்மேசையில் குடுவைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கீழ்மாடியில் யாரோ கனமான மேசையைப் போட்டதுபோல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. ஒருவரும் நிமிரவில்லை. நான் மட்டும் துணியைக் கீழே வைத்தேன். நான் அந்தச் சத்தத்தை முன்பும் கேட்டவள்.

அடுத்த நிமிடம் பதினாறு ரெலிபோன்களும் ஒரே நேரத்தில் அலறின. வளாகத்துக்குள் ஆயுததாரி, இது பயிற்சி அல்ல, என்று இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திருகினேன். அது சுலபமாகத் திரும்பியது. வெளிச்சத்தை அணைத்தேன். நச்சுக்காற்றை இழுக்கும் விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. திறந்திருந்த போத்தல்களை மூடிவிட்டு அவற்றையும் நிறுத்தினேன். பதினொரு வருடத்தில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அறியேன். அந்த அமைதி இரைச்சலைவிட மோசமாக இருந்தது. பிள்ளைகளைக் கதவிலிருந்து தெரியாத சுவரோரமாக இருத்தினோம். ஒரு பெரிய பையன் தன் ஜக்கற்றைக் கடித்துக்கொண்டு அழுதான். பக்கத்தில் இருந்தவள் வீட்டுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தாள்.  நான் யோகனுக்கு "ஜெபியுங்கள்" என்று மட்டும் அனுப்பினேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். நடைபாதையில் யாரோ ஓடிவருவது கேட்டது. பிறகு கதவில் தட்டினார்கள்.

முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கையாலும். ஒரு பெண்பிள்ளையின் குரல், பிரெஞ்சில், அழுகைக்குள் அழுந்திய குரல். "திறவுங்கள். தயவுசெய்து திறவுங்கள்."

எனக்கு மறுபடியும் ஒன்பது வயதாகிவிட்டது.

நான் எழும்பினேன். கதவுக்கு அருகில் போனதும் நிவேதா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்களுக்கு விளங்காத எங்கள் மொழியில், மூச்சுக்காற்றாகச் சொன்னாள்:

"வேணாம்க்கா. ட்ரெய்னிங்ல சொன்னாங்கல்ல, யார் தட்டினாலும் தொறக்கக் கூடாதுன்னு."

"புள்ள, அது பொம்புளப் புள்ளட குரல்."

"அவன் அவள முன்னாடி நிக்க வெச்சிருந்தா? இங்க பதினாலு பேர் இருக்காங்கக்கா."

அவள் சொன்னது சரி. அதுதான் பயங்கரம். அவள் சொன்னதும் சரி, வெளியே அழுதவளும் பொய் இல்லை. கண்ணாடியை நானே கறுப்பு மட்டையால் மூடியிருந்தேன். மட்டையை விலக்கினால் எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அம்மா நின்ற இடத்தில் நான் நின்றேன். முப்பத்தெட்டு வருடமாக மனதுக்குள் அம்மாவிடம் கேட்ட கேள்வியை இப்போது யாரோ என்னிடம் கேட்டார்கள்.

 நிலத்தில் விழுந்தேன். முழங்காலில்கூட அல்ல, முகங்குப்புற. கன்னம் குளிர்ந்த நிலத்தில் ஒட்டியது. "ஆண்டவரே, நான்..." என்று தொடங்கினேன். அதற்குமேல் எனக்குச் சொல் வரவில்லை.

கண்ணைத் திறந்தேன். கதவின் கீழ் இடைவெளி நேராக என் கண்ணுக்கு முன் இருந்தது.

எங்கள் அறை இருட்டு. நடைபாதையில் வெளிச்சம். அங்கே இரண்டு பாதங்கள் தெரிந்தன. ஒன்றில் சிவப்புச் சப்பாத்து. மற்றதில் வெறும் ஈரக் காலுறை. அதைச் சுற்றிக் கரைந்த பனியின் தண்ணீர். அவ்வளவுதான். பக்கத்தில் வேறு கால் இல்லை. பின்னால் இல்லை. தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி நடைபாதையின் நிலத்தைப் பார்த்தேன். அவள் தனியாகத்தான் நின்றாள்.

"தனியத்தான் நிக்கிறா. நான் பாத்துட்டன்" என்றேன். நிவேதா என் முகத்தைப் பார்த்தாள். பிடியை விட்டாள். பிறகு அவளும் என்னோடு எழும்பி வந்தாள். அந்தப் பிள்ளையின் தைரியத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பூட்டைத் திருகி, ஓர் ஆள் நுழையும் அளவு திறந்து, அவளை உள்ளே இழுத்து, மறுபடி பூட்டினோம். அவள் என் மேல் விழுந்தாள். பெயர் கமீல் என்றும், முதலாம் வருட மாணவி என்றும், கீழ்மாடியிலிருந்து ஓடிவந்தாள் என்றும் பிறகுதான் தெரியும். அப்போது அந்த ஈரக் காலுறை மட்டும்தான் தெரியும். பாரமான மேசை ஒன்றை நாலு பேர் சத்தமில்லாமல் தூக்கிவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தோம்.

நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. மறுபடியும் காலடிகள் கேட்டன. இவை ஓடவில்லை.

ஒரு கதவு. பிறகு அடுத்த கதவு. ஒவ்வொன்றிலும் கைப்பிடியை அழுத்திப் பார்க்கும் சத்தம். நெருங்கிக்கொண்டே வந்தது. எங்கள் கதவின் கீழ் வெளிச்சம் இரண்டு இடத்தில் மறைந்தது. கைப்பிடி மெதுவாகக் கீழே போனது. மேலே வந்தது. மறுபடியும் கீழே போனது. ழோசெப் போட்ட பூட்டு அசையவில்லை. கமீல் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அவள் இதயம் என் கையில் அடித்தது. அந்த நிழல் எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. பிறகு வெளிச்சம் முழுதாக வந்தது. காலடிகள் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டன.

அந்தப் படிக்கட்டில்தான் பொலிஸ் அவனைப் பிடித்தது. மற்ற அறைகளையும் பார்த்து அவர்கள் எங்கள் கதவுக்கு வந்துசேர இரண்டு மணித்தியாலம் ஆனது. கைகளை உயர்த்திக்கொண்டு வரிசையாக வெளியே வந்தோம். கீழே கண்ணாடித் துண்டுகள். ஓரிடத்தில் இரத்தம். தெருவில், ஈரமாய், தொப்பிகூட இல்லாமல், யோகன் பொலிஸின் கயிற்றுக்கு அப்பால் நின்றார். என்னைக் கண்டதும் என் பெயரைச் சொல்லவில்லை. "ஏசுவே, ஏசுவே" என்றுதான் சொன்னார்.

இருவர் காயப்பட்டார்கள். காவலாளி ஒருவர், மாணவர் ஒருவர். ஆண்டவர் கிருபையால் இருவரும் பிழைத்துவிட்டார்கள். காவலாளி இன்றும் தடியூன்றித்தான் நடக்கிறார். அவரும் அன்று ஜெபித்திருப்பார். எனக்கு நடந்தது அவருக்கு ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் இருக்கிறமாதிரி நடிக்கவும் மாட்டேன். அவருக்காக ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாக்குமூலம் எடுத்த பொலிஸ் அதிகாரி, "நீங்கள் செய்தது ஆபத்தானது, மடாம். அந்த விதி சும்மா இல்லை" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் செய்ததை யாருக்கும் சொல்லிக்கொடுக்கமாட்டேன். பூட்டுங்கள், அணையுங்கள், அமைதியாக இருங்கள் என்றுதான் சொல்வேன். இப்போது எங்கள் மாடிக்கு நான்தான் பாதுகாப்புப் பொறுப்பாளர். நானே கேட்டு எடுத்த பொறுப்பு. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே வாசல்களைக் காட்டுகிறேன். நடுங்காமல் சொல்ல முடிகிறது.

ஆறு கிழமை நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. தந்திருந்தால் ஐந்து தடவை ழோசெப்பிடம் போயிருக்கமாட்டேன். கதவு பூட்டியிருக்காது. நான் பதில் இல்லை என்று அழுத நாட்களில் பதில் என் கால்களில் நடந்துகொண்டிருந்தது. இன்று எனக்குப் பயம் முற்றாகப் போய்விட்டதா? இல்லை. ஆனால் அதோடு தனியாக இல்லை. காலையில் மெட்ரோவில் ஏறும்போது, "இதை வைத்து இன்று என்ன செய்யச் சொல்கிறீர், ஆண்டவரே?" என்று கேட்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாரோ ஒருவர் நித்திரை இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுக் களைத்திருக்கிறீர்கள். நல்ல வசனமாக ஜெபிக்கத் தெரியவில்லையே என்றும் கவலைப்படுகிறீர்களா? அன்று நிலத்தில் கிடந்தபோது நான் சொன்னது இரண்டே சொல். மூன்றாவது சொல்லுக்கு அவர் காத்திருக்கவில்லை. நீங்களும் தொடங்குங்கள்.