ஆறுதலாகக் கதைத்த சாம்பல் பெட்டி

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரின் பழைய சாமான் சந்தையில் பிரிட்டிஷ் பொருட்கள் இன்னும் அகப்படும். முன்பு அந்தப் பக்கம் இருந்த ஆங்கிலேயப் படையினரின் குடும்பங்கள் விட்டுப்போனவை. அங்கேதான் அந்த இரண்டு ரெக்கோட் பிளேயர்களையும் வாங்கினேன். சூட்கேஸ் போல மூடித் தூக்கிப் போகலாம். ஒன்று சிவப்பு, மற்றது சாம்பல். சாம்பல் பெட்டிக்குள் ஒரு ரெக்கோட் தட்டும் கிடந்தது, ஆங்கிலேயருக்கு ஜெர்மன் படிப்பிக்கும் தட்டு. ஒரு மனிதர் ஒரு வசனம் சொல்வார். நாம் திருப்பிச் சொல்ல இடைவெளி விட்டு, அடுத்ததைச் சொல்வார்.

நான் இருக்கும் ஹம் நகரில் என்னோடு அறையைப் பகிரும் அண்ணைக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. பெட்டிகளைக் கண்டதும் தலையில் கை வைத்தார்.

"தம்பி, மனுசியைக் கூப்பிடச் சொன்னா, நீ வெள்ளைக்காரன்ரை பெட்டியளைக் கூப்பிட்டுக்கொண்டு வாறாய்!"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இங்கே வந்து மின்சார வேலையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியும் முடித்தேன். எதையும் கழற்றி, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எனக்கு விளங்கும். மரப்பெட்டியும் துணி உறையும் இரண்டிலும் ஒன்றுபோலத்தான். வித்தியாசம் உள்ளே, தட்டைச் சுழற்றும் பொறியில். சிவப்பில் இருந்தது தானாகத் தட்டு மாற்றும் பொறி. பல தட்டுகளை மேலே அடுக்கி விட்டால், ஒன்று முடிய மற்றது தொப்பென்று விழும். கடைசித் தட்டு முடிந்ததும் ஊசிக் கை தானே திரும்பிப் போய்ப் படுத்துவிடும். சுழல்மேடை மெல்லிய தகரம், இரைச்சல் அதிகம், ஆனால் வேகம் பிசகாது. சாம்பலில் இருந்தது கனமான சுழல்மேடை. சத்தமில்லாமல் ஓடும். ஊசியை நாம்தான் வைக்க வேண்டும், நாம்தான் எடுக்க வேண்டும். மோட்டாருக்கும் மேடைக்கும் நடுவில் நிற்கும் ரப்பர் சக்கரம் இறுகிப்போய் வழுக்கியதால் அது கொஞ்சம் மெதுவாகவே சுழன்றது.

என் மனைவி அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது என் விடுமுறை முடியும்வரைதான். இங்கே வர அவள் ஜெர்மன் சோதனை பாஸ் பண்ண வேண்டும். கேட்டு விடை எழுதும் பகுதியில் ஒருமுறை தவறிவிட்டாள்.

"அவங்கள் முடிக்கேக்கை நான் முதல் சொல்லிலைதான் நிக்கிறன்," என்று அழுதாள்.

ஒரு ஞாயிறு, அவளைச் சிரிக்க வைக்கலாமென்று அந்தப் பாடத் தட்டைச் சிவப்புப் பெட்டியில் ஓடவிட்டு, போனை அதற்கு முன்னால் பிடித்தேன்.

"ஐயோ, இந்தாளுக்கும் பஸ்சுக்கு நேரம் போட்டுதோ? இப்பிடி ஓடுறார்!"

தட்டை அப்படியே தூக்கிச் சாம்பலில் வைத்தேன். அதே மனிதர், குரல் சற்றுத் தடித்து, சாப்பிட்டு முடித்தவர்போல நிதானமாகப் பேசினார். அவர் விட்ட இடைவெளியில் அவள் அந்த வசனத்தை முழுதாகச் சொன்னாள்.

"என்னப்பா, இவர் ஆறுதலாக் கதைக்கிறார். எனக்கு விளங்குது!"

இன்னும் நல்லாக விளங்கட்டுமென்று வேகக் குமிழைப் பதினாறுக்கு, அதாவது பாதி வேகத்துக்கு, திருப்பினேன். அந்தக் காலப் பொறிகளில் அப்படியொரு வேகமும் உண்டு.

"நிப்பாட்டுங்கோ! பேய் கதைக்குது!"

அதன் பிறகு ஞாயிறு பின்னேரமெல்லாம் சாம்பல் பெட்டிதான். மெதுவாக ஓடியதால் ஒரு பக்கம் முடியக் கூடுதல் நேரம் எடுத்தது. அந்தக் கூடுதல் நேரம் எனக்குப் பிடித்திருந்தது.

"தம்பி, அவ வந்து இறங்கி இந்தக் கிழவன் மாதிரித்தான் கதைக்கப்போறா," என்று அண்ணை பகிடி பண்ணுவார்.

சோதனை நெருங்கியபோது அவளே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, அந்தச் சக்கரத்தை மாத்துங்கோ. சோதனையிலை ஒருத்தரும் எனக்காக நிண்டு கதைக்க மாட்டினம்."

"சிவப்பு இருக்குத்தானே. அதிலை கேளுமன்."

"சிவப்பு இரையுது. எனக்கு இவர்தான் வேணும். இவரே கெதியாக் கதைக்கட்டும்."

இங்கிலாந்திலிருந்து புதுச் சக்கரம் தபாலில் வந்தது. மாட்டினேன். அவரும் எல்லாரையும் போலப் பேசத் தொடங்கினார். அவள் தடுமாறினாள், கோபித்தாள், பிறகு பிடித்துக்கொண்டாள். இந்தமுறை பாஸ்.

விசாவுக்கான அன்ராக் விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. பதில்தான் இன்னும் இல்லை. போன ஞாயிறு கேட்டாள்:

"அந்தப் பழைய சக்கரம் இருக்கோ?"

"ஓம். எறியேல்லை."

"போடுங்கோ. சும்மா கேப்பம்."

மாட்டினேன். ஊசியை வைத்தேன். "வான் கொம்மென் சீ?" எப்போது வருகிறீர்கள் என்று அந்த மனிதர் இழுத்து இழுத்துக் கேட்டார். நாளைக்கு வருகிறேன் என்பதுதான் அந்தப் பாடத்தின் விடை. அவர் கேட்டு முடிக்குமுன்பே அவள் ஜெர்மனிலேயே சொல்லிவிட்டாள், ஒரு பிழையும் இல்லாமல்: "எனக்கு இன்னும் தெரியாது."

அவர் தன்பாட்டில், நாளைக்கு வருகிறேன் என்று ஆறுதலாகச் சொன்னார்.

பக்கம் முடிந்து ஊசி கடைசி வரியில் டிக், டிக் என்று சுற்றியது. எடுக்க எழும்பினேன்.

"இருங்கோ," என்றாள். "கொஞ்சம் ஓடட்டும்."