இரண்டாம் எண்ணுக்கு விழுந்த ஓட்டு

மும்பை செம்பூரில் மாலை வகுப்புகள் நடக்கும் ஒரு பல்கலைக்கழக மையத்தில் மாணவர் பிரதிநிதி தேர்தலுக்கு நின்றவர்கள் இரண்டே பேர். நான் ஒருவன். இன்னொருத்தி ஓட்டுப்பதிவுக்கு முன்பே இறந்துபோனாள். எண்ணி முடித்தபோது அவள்தான் ஜெயித்திருந்தாள்.

இதை வெளியே சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். அதனால் அதிகம் சொன்னதில்லை.

நான் வளர்ந்தது தாராவி. பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டு சூரத்தில் சாயப்பட்டறை, ஹூப்ளியில் லாரி என்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்து, வெளியிலிருந்து பன்னிரண்டாவது எழுதி, இருபத்தாறு வயதில் பி.காம் சேர்ந்தேன். பகலில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக மாஹிம், மாட்டுங்கா, செம்பூர் கிளினிக்குகளில் ரத்த மாதிரிக் குப்பிகளை வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. பைக் அவர்களுடையது, பெட்ரோல் என்னுடையது. கடைசி கிளினிக் முடிய இருட்டிவிடும். வகுப்புக்குப் போகிற நாளைவிடப் போகாத நாள்தான் அதிகம். வருகைப்பதிவு குறைந்ததால் இரண்டு தடவை ஹால் டிக்கெட் தரவில்லை. மூன்றாவது தடவையும் தராவிட்டால் பதிவே ரத்து என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

பிரதிநிதியானால் இயக்குநரோடு கமிட்டியில் உட்காரலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு வருகைப்பதிவைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கலாம். நான் நின்றதற்கு வேறு காரணம் கிடையாது.

எதிர்த்து நின்றவள் மாட்டுங்காக்காரி. மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலையில் இருக்கிற பாலக்காட்டுக் குடும்பம். பகலில் ஃபோர்ட் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். மாணவர்களுக்கு ரயில் சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. அந்தச் சலுகைச் சீட்டைத் தருகிற கவுண்டரை மத்தியானமே சாத்திவிடுவார்கள். மாலையில் படிக்கிறவர்கள் அதற்காக அரைநாள் சம்பளத்தை விட வேண்டும். கவுண்டரை மாலையில் திறக்க வேண்டும் என்பதுதான் அவள் கோரிக்கை. ஒரே கோரிக்கை, எல்லாருக்கும் சட்டென்று புரிகிற கோரிக்கை.

ஓட்டுச்சீட்டில் எனக்கு முதல் எண், அவளுக்கு இரண்டு. அவள் போஸ்டர் எதுவும் ஒட்டவில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் போர்டின் வலது மேல் மூலையில் சாக்பீஸால் 2 என்று போட்டு, சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவாள்.

ஒருநாள் மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள்.

"அரே, உங்க ஓட்டர்ஸ் எல்லாம் காலேஜுக்கே வராதவா. ஓட்டுப் போட மட்டும் எங்கேர்ந்து வருவா?"

"கூட்டிட்டு வருவேன்."

"டெம்போ வச்சா?"

"தேவைன்னா டெம்போவும் வைப்பேன்."

"அப்போ எங்க ஆத்து வாசல்லயும் நிறுத்துங்கோ. ரயில்ல தொங்கிண்டு வரமுடியலை."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அவள் சொன்னது உண்மைதான். வகுப்புக்கு வராதவர்களுக்காக நான் நிற்கிறேன், ஓட்டுப் போட வகுப்புக்கு வரவேண்டும். என் தாராவி நண்பன், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன், இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஏலே, கடைப்பக்கமே வராதவன நம்பி கடை தொறக்குத. வெளங்குமா?" என்றான். ஆனாலும் என்னோடு அலைந்தான். ஐரோலியில் ஐ.டி. வளாகத்தில் காவல் வேலை பார்க்கிற பையன், சான்பாடாவில் மெஸ்ஸில் சமைக்கிறவன் என்று ஒவ்வொருவராகப் பிடித்து, அன்றைக்கு ஒருநாள் வந்துவிடு என்று கையைப் பிடித்துக் கேட்டோம்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் பேசுவதாக ஏற்பாடு. அவள் வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இந்தியில் ஒரு வரி போட்டிருந்தாள்: குர்லாவில் வண்டி மாறிக்கொண்டிருக்கிறேன், அவர் முதலில் பேசட்டும். நான் பேசினேன். பேசி முடித்தும் அவள் வரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "தூஸ்ரா கேண்டிடேட் கஹாங் ஹை?" என்று இன்னொரு வேட்பாளரைக் கேட்டுக் கத்தினான். "என் பேச்சைக் கேட்டு பயந்து அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கிட்டாங்க போல" என்று நான் இந்தியில் சொன்னேன். வகுப்பே சிரித்தது. நல்ல சிரிப்பு. அதுவரை என் பேச்சுக்கு அப்படி யாரும் சிரித்ததில்லை.

குர்லா தாண்டி, திலக் நகர் வருவதற்குள், கூட்டத்தில் பெண்கள் பெட்டியின் வாசலிலிருந்து விழுந்திருக்கிறாள். வகுப்பு சிரித்தபோது அவள் தண்டவாளத்துப் பக்கத்தில் கிடந்தாளா, இன்னும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. ஆனால் இன்றுவரை ஒரு கூட்டம் சேர்ந்து சிரித்தால் நான் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுகிறேன்.

போர்டு மூலையில் இருந்த 2 அப்படியே இருந்தது. யாரும் அழிக்கவில்லை. பேராசிரியர்கள் அந்த மூலையை விட்டுவிட்டு எழுதினார்கள். கணக்கு நீண்டு அந்த வட்டத்தை நெருங்கினால் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அந்த வாரம் நான் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு எல்லா வகுப்புக்கும் போனேன். பாடம் எதுவும் மண்டையில் ஏறவில்லை. அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸில் இருந்த மராத்திக்காரர் என்னைக் கூப்பிட்டார். வேட்பாளர் இறந்துபோனால் என்ன செய்வது என்று விதியில் எதுவும் இல்லையாம். ஓட்டுச்சீட்டு வேறு அச்சாகிவிட்டது. நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அவள் பெயரை நீக்கிவிட்டு, போட்டியில்லாமல் நான் தேர்வானதாக அறிவித்துவிடலாம்.

"சைன் கர், தேரா காம் ஹோ கயா," என்று பேனாவை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. நாளைக்குப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் வகுப்பிலிருந்து சிலர் மாட்டுங்காவில் அவள் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார்கள். நானும் போனேன். இரண்டாவது மாடி, பழைய கட்டடம். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரமாக நின்றேன். யாரோ என்னைக் காட்டி, எதிர்த்து நின்றவர் இவர்தான் என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் எழுந்து வந்தார். வங்கியில் ரிட்டயர் ஆனவர். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"எலெக்‌ஷன் என்னிக்கு?"

"திங்கட்கிழமை, சார்."

"ஆபீஸ்ல அவ பேரை எடுத்துடப் போறாளா?"

நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன்.

"எடுக்கச் சொல்லாதே. எண்ணட்டும். அவளுக்கு எத்தனை பேர் போட்டிருப்பான்னு எனக்குத் தெரியணும். தினமும் ராத்திரி சாப்பிடறப்போ இதையேதான் பேசுவா. இவன் போடுவான், அவன் போடமாட்டான்னு. நீ ஜெயிச்சுக்கோ, அதைப் பத்தி இல்லை. எனக்கு எண்ணிக்கை வேணும்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன்னா, அந்தப் புள்ளையப் போட்டுப் படுத்தாதேங்கோ. அவளே போயிட்டா, எலெக்‌ஷன் என்ன வேண்டிக்கிடக்கு?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி சார் என்றேன். வேறு என்ன சொல்வது?

நண்பனிடம் சொன்னபோது கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "ஜெயிச்ச சீட்ட வேண்டாம்னுட்டு வந்துருக்கான் பாரு. ஏலே, செத்தவகிட்ட தோத்தவன்னு தாராவி முழுக்கச் சொல்லுவானுவ."

"தோக்கமாட்டேன். செத்தவளுக்கு யாரு போடுவா?"

"எல்லாவனும் போடுவானுவ. உசுரோட இருக்கவனுக்கு எவன்ல இங்க ஓட்டுப் போட்டுருக்கான்?" என்றான்.

திங்கட்கிழமை என் ஆட்கள் வந்தார்கள். டெம்போ வைக்கவில்லை, அவரவரே ரயில் பிடித்து வந்தார்கள். ஐரோலிப் பையன் காவல் சட்டையோடு வந்தான். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தவன் என்னிடம் வராமல் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கமாகப் போனான். நான்தான் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, கோச்சுக்காதீங்க. உங்களுக்குத்தான் போடணும்னு வந்தேன். சீட்டுல அவங்க பேரைப் பார்த்ததும் கை வரல. செத்த பொண்ணோட பேருக்கு நேரே கட்டத்தைக் காலியா விடுறது ஒரு மாதிரி இருந்திச்சு."

"பரவால்ல," என்றேன்.

அப்படி எத்தனை பேரோ. சொற்ப வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள். முடிவை வாசித்தவர் அவள் பெயரைச் சொன்னதும் யாரும் கைதட்டவில்லை. கூட்டம் யாரோ வருவதற்குக் காத்திருப்பதுபோல வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பினேன்.

அதன்பிறகு ஆபீஸில் கூடிப் பேசி, ஜெயித்தவர் பொறுப்பேற்க இயலாததால் அடுத்து வந்தவரையே பிரதிநிதியாக நியமிக்கிறோம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். நான் விரும்பிய நாற்காலி எப்படியோ எனக்கே வந்துவிட்டது.

எண்ணிக்கையைச் சொல்ல மாட்டுங்காவுக்குப் போனேன். அப்பா இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு அம்மா இருந்த பக்கம் பார்த்து, "ஜெயிச்சுட்டாடீ," என்றார். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவர் என்னிடம், ஆபீஸில் பாக்கி வேலையைப் பற்றி விசாரிப்பதுபோல, "அப்போ கவுண்டர் எப்போ திறப்பா?" என்று கேட்டார்.

கமிட்டி கூடிய நாளில் இயக்குநர் வெளிப்படையாகப் பேசினார். இந்தப் பருவத்தில் தன் சிபாரிசோடு ஒரு கோரிக்கைதான் மேலே போகும், இரண்டு அனுப்பினால் இரண்டும் தூங்கிவிடும், எது என்று நீயே சொல் என்றார். வருகைப்பதிவுத் தளர்வு கடினம், ஆனால் முயன்றால் நடக்கலாம் என்றும் சொன்னார். நான் இரவெல்லாம் யோசித்து அதற்கான காரணங்களைத்தான் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். ஐஸ் பெட்டி, கிளினிக், ஐரோலி, சான்பாடா எல்லாம். வாயைத் திறந்ததும் "கவுண்டர்" என்றேன்.

தியாகம் கியாகம் என்று இதற்கு யாராவது பெயர் வைத்தால் எனக்கு எரிச்சல் வரும். ஓட்டு கவுண்டருக்குத்தான் விழுந்திருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அங்கே யாரோ கொஞ்சம் தாமதமாக வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்காரப்போவதுபோலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வந்து உட்கார்ந்தால் என்ன பதில் சொல்வேன்?

ஹால் டிக்கெட் வந்தபோது எனக்கு வரவில்லை. ஐரோலிப் பையனுக்கும் வரவில்லை. "நம்ம விஷயம் என்னாச்சு அண்ணா?" என்று போனில் கேட்டான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். எனக்கு அடுத்த வருஷம் கிடையாது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

கவுண்டரை மாலையில் திறந்த முதல் நாள் என் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கப் போயிருந்தேன். டியூப்லைட் போட்டிருந்தார்கள். வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. வரிசைக்கு வெளியே, சுவரை ஒட்டி, அவள் அப்பா நின்றிருந்தார். அதே மாதிரி இஸ்திரிச் சட்டை. சீட்டு வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். அவள் கேட்டைத் தாண்டும்வரை அவர் கண் கூடவே போனது.

நான் பின்பக்கமாகப் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

"நீ வாங்கலையா?"

"இனிமேத்தான் சார்."

"பரீட்சை என்னிக்கு ஆரம்பம்?"

தேதியைச் சொன்னேன். முதல் நாள் என்ன பாடம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவள் புத்தகமெல்லாம் வீட்டில் அப்படியே இருக்கிறது, பென்சிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள், உனக்கு உதவுமென்றால் வந்து எடுத்துக்கொள் என்றார்.

"வாரேன் சார்," என்றேன்.

"நன்னா எழுது," என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையைப் பார்க்க ஆரம்பித்தார்.

பரீட்சை முடிகிறவரை நான் மாட்டுங்கா கிளினிக்குகளை வேறொருவனுக்கு மாற்றிவிட்டேன். நான் பரீட்சை ஹாலில் இருக்க வேண்டிய நேரத்தில், அந்தத் தெருவில் ஐஸ் பெட்டியோடு அவர் என்னைப் பார்த்துவிடக் கூடாது.